இறங்காமல் மேலேறிய விமானம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு விமானப் பயணத்தில், ஓடுபாதை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்த நேரத்தில் இயந்திரங்கள் திடீரென்று உறுமின. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள, விமானம் செங்குத்தாக மேலே போனது. சில நிமிடங்களுக்கு எந்த அறிவிப்பும் இல்லை. பிறகு விமானி, "கோ அரவுண்ட் செய்திருக்கிறோம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அடுத்த முறை ஒழுங்காக இறங்கிவிட்டோம். இப்படிப்பட்ட செய்திகளை நாளிதழ்களில் "நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்" என்ற தலைப்பில் படித்திருக்கிறேன். நாங்களும் தப்பித்தவர்கள்தானா? எத்தனை முறை இப்படி முயல்வார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் எதிலிருந்தும் தப்பவில்லை. இறங்குவதற்குத் தோதில்லை என்று தெரிந்ததும் முயற்சியைக் கைவிட்டு மேலேறி, மறுபடியும் முறைப்படி வந்து இறங்குவதற்குத்தான் கோ அரவுண்ட் என்று பெயர். விமானிகள் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகும் பாடம் இது. காரணம் பெரும்பாலும் சப்பென்றிருக்கும். முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகச் சற்றுத் தாமதித்திருக்கும்; காற்று திசை மாறியிருக்கும்; வேகமோ உயரமோ வரம்புக்குள் நின்றிருக்காது. மேகமூட்டத்தில் 1,000 அடி உயரத்திலும், தெளிவான வானில் 500 அடியிலும் விமானம் வேகம், பாதை எல்லாம் வரம்புக்குள் நின்று நிலைப்பட்டிருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. இல்லையென்றால் மேலேறிவிட வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கோபுரமும் இதைச் சொல்லலாம், இரண்டு விமானிகளில் எவரும் சொல்லலாம். சொன்ன பிறகு விவாதம் கிடையாது. விசை கூட்டப்படும், மூக்கு நிமிரும், ஃப்ளாப்புகள் (இறங்குவதற்காக இறக்கையின் பின்புறம் நீட்டியிருக்கும் தகடுகள்) ஒரு படி உள்ளே போகும். உயரமானி ஏறுவதைக் கண்ணால் கண்டபின் ஒருவர் "பாசிட்டிவ் ரேட்" என்பார், மற்றவர் "கியர் அப்" என்பார், சக்கரங்கள் மடங்கும். பிறகு பாதை, உயரம், கோபுரத்துடன் பேச்சு. பயணிகளிடம் பேசுவது வரிசையில் கடைசி. நீங்கள் கலங்கிப்போயிருந்த அந்தச் சில நிமிட மௌனத்தில், முன்னறையில் இருவருக்கும் மூச்சுவிடாத வேலை நடந்துகொண்டிருந்தது.

செங்குத்தாக என்று எழுதியிருக்கிறீர்கள். மூக்கு ஏறத்தாழ 15 டிகிரி நிமிர்ந்திருக்கும், அவ்வளவுதான். விமானம் சட்டென்று வேகமெடுக்கும்போது உட்காதின் சமநிலை உறுப்பு அதை மேல்நோக்கிய சாய்வாக எடுத்துக்கொள்கிறது. இருக்கும் சாய்வைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இந்த மயக்கம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. இரவில் மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கும் வரும். மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டது என்று நம்பி அவர் அதைக் கீழே அழுத்தினால் கதை முடிந்தது. 2016 மார்ச்சில் ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் ஒரு போயிங் 737 இரண்டாவது கோ அரவுண்டின்போது இப்படித்தான் விழுந்து, அதில் இருந்த 62 பேரும் இறந்தார்கள். கோ அரவுண்டில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் செய்ய வேண்டிய நேரத்தில் அதைச் செய்யாமல் விடுவதில் இருக்கும் ஆபத்து இன்னும் பெரியது. 2010 மே 22 அன்று மங்களூருவில், ஒரு பயணிகள் விமானம் மிக உயரமாகவும் வேகமாகவும் ஓடுபாதையை நெருங்கியது. துணை விமானி கோ அரவுண்ட் செய்யச் சொன்னார். தலைமை விமானி இறங்குவதிலேயே குறியாக இருந்தார். தரை தொட்டு, நிறுத்த முயன்ற பிறகு மேலேறப் பார்த்தார். அதற்குள் ஓடுபாதை தீர்ந்துவிட்டது. 158 பேர் இறந்தார்கள். விமானப் பாதுகாப்புக்காக இயங்கும் ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆராய்ந்தபோது, வரம்புக்குள் நிற்காமல் இறங்க வரும் விமானங்களில் சுமார் 3 சதவீதம்தான் கோ அரவுண்ட் செய்கின்றன என்று தெரிந்தது. மற்றவை எப்படியோ இறங்கிவிடுகின்றன, இறங்கிவிட்டதால் செய்தியாவதில்லை. கோ அரவுண்ட் செய்த விமானியைக் குறை சொல்லக் கூடாது என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருப்பது இதனால்தான். நம் தலைப்பு எழுதுபவர்களோ ஒழுங்காக மேலேறிய விமானத்தைப் பிடித்துக்கொண்டு "நூலிழை" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும் இடம் இது.

இன்னொரு குழப்பமும் உண்டு. "வானில் வட்டமடித்த விமானம்" என்ற ஒரே தொடரில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். இறங்கும் முறை வரும்வரை ஓரிடத்தில் சுற்றிக் காத்திருப்பது ஹோல்டிங். வேறு விமான நிலையத்துக்குத் திரும்புவது டைவர்ஷன். பயிற்சிக்காகச் சக்கரம் தொட்டு உடனே கிளம்புவது டச் அண்ட் கோ. மிஸ்டு அப்ரோச் என்பது கோ அரவுண்டுக்குப் பின் எந்தத் திசையில், எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்று வரைபடத்தில் முன்கூட்டியே அச்சிட்டிருக்கும் பாதை. விமானிகளே பேச்சுவழக்கில் மிஸ்டு அப்ரோச், கோ அரவுண்ட் இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதையும் குறிப்பதுண்டு. செய்தியில் "தரையிறங்காமல் மீண்டும் மேலெழுந்தது, அடுத்த முயற்சியில் இறங்கியது" என்று எழுதினால் போதும்.

எத்தனை முறை என்று கேட்டிருந்தீர்கள். உலகம் முழுமைக்கும் ஒரே எண் கிடையாது. இரண்டு முறை முயன்றும் முடியாமல், வானிலையும் மாறவில்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விட வேண்டும் என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அதற்கான எரிபொருள் கிளம்பும்போதே கணக்கில் சேர்ந்திருக்கும்: மாற்று விமான நிலையம் வரை போக ஒரு பங்கு, அங்கே போன பிறகும் 30 நிமிடம் பறக்க இன்னொரு பங்கு. அந்த 30 நிமிடப் பங்கில் கைவைக்கும் நிலை வந்தால்தான் விமானி வானொலியில் "மேடே ஃப்யூவல்" என்று எரிபொருள் அவசரநிலையை அறிவிப்பார். அன்று நாளிதழ்கள் நூலிழை என்று எழுதிக்கொள்ளட்டும்.