நிற்கும் பதினேழு கன்றுகள்

வணக்கம் ஐயா. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு சிறு நகரில் வசிக்கிறேன். இங்குள்ள சேவைச் சங்கத்துக்கு இந்த ஆண்டு நான் செயலாளர். சென்ற ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று கண்மாய்க் கரையில் 200 கன்றுகள் நட்டோம். அண்மையில் போய் எண்ணினேன், 17 நிற்கின்றன. “நமக்கு ரத்த தான முகாம் போதும், மரம் வளர்ப்பது அரசாங்கத்தின் வேலை” என்கிறார்கள் மூத்த உறுப்பினர்கள். எங்களைப் போன்ற சங்கங்களால் சுற்றுச்சூழலுக்கு உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போய் எண்ணிப் பார்த்தீர்களே, முதலில் அதற்கு என் வணக்கம். நட்ட கணக்கு எல்லா மேடையிலும் கேட்கிறது; நிற்கும் கணக்கைச் சொல்ல ஆளில்லை.

நிச்சயம் முடியும். கன்றுகள் பட்டுப்போனதற்கு உங்கள் உறுப்பினர்களின் அக்கறைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. நட்ட தேதிதான் தவறு. ஜூன் 5 என்பது கத்திரி வெயில் முடிந்து ஏறத்தாழ ஒரு வாரமே ஆன நாள். உங்கள் பக்கத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அதற்கு அக்டோபர் பிறக்க வேண்டும். இன்னொன்று, ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களில் ஜூலை 1-ல் புதிய ஆண்டு தொடங்குகிறது, தலைவர் மாறுகிறார். கன்றுக்கு 26 நாள் ஆகும்போது நட்டவர் பொறுப்பில் இல்லை. வருகிறவருக்கு வேறு திட்டம், வேறு பெயர்ப்பலகை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலையோரத்தில் காய்ந்து நின்ற புங்கங்கன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வேரைச் சுற்றி நாற்றங்காலின் கறுப்புப் பை கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு வேம்பு பிழைத்திருந்தது. ஆனால் கூண்டை யாரும் கழற்றவில்லை. கம்பி பட்டைக்குள் இறங்கி, அதற்கு மேலும் கீழும் தண்டு புடைத்திருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்னையில் கடல் ஆமைகளுக்காக மாணவர்கள் நடக்கிறார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். 1988 முதல் ஆண்டுதோறும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் கரையோரமாக நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். படிப்பு முடிந்து ஒரு கூட்டம் போகும், இன்னொரு கூட்டம் வரும். நடை நிற்பதில்லை. ஆமை கரையேறும் காலத்துக்கு அவர்கள் தங்களை மாற்றிக்கொண்டார்கள். மழைக்கு உங்கள் சங்கமும் அப்படி மாறிக்கொள்ளட்டும்.

கரையை மாற்ற வேண்டாம், அதே கண்மாய் போதும். தலைவர் மாறினாலும் மாறாத ஐந்து பேர் குழு ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு அமைத்துப் பொதுக்குழுவில் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முதல் மழைக்குப் பிறகு 50 கன்று நட்டால் போதும்: நாவல், மருது, இலுப்பை, புங்கன். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை கிடைக்கும். அதைக் கரை நெடுக ஊன்றுங்கள், மீதியை மழை பார்த்துக்கொள்ளும். மற்ற கன்றுகளுக்கு இரண்டு கோடை தண்ணீர் தேவை. அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றருகே புதைத்து நிரப்பினால் வேருக்கு மெல்லக் கசியும்.

தண்ணீர் ஊற்ற ஆள் எங்கே என்பார்கள். நள்ளிரவில் ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டுமென்றால் யாரை அழைப்பது என்று உங்களுக்குத் தெரியும். மூத்தவர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பட்டியல் அது. வாரம் இருவர் என்று அதே பட்டியலில் முறை வைத்து, மூத்தவர்கள் பெயரையே முதலில் எழுதுங்கள். மறுக்க மாட்டார்கள்.

புதுக் கன்று வாங்குவதற்கு முன், நிற்கிற 17-இன் கூண்டையும் ஒருமுறை பாருங்கள். கம்பி பட்டையைத் தொட்டிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே வெட்டி எடுத்துவிடுங்கள்.

அன்புடன்.