முதல் நாளே தடம் புரண்டால்...

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வீட்டு பேஸ்மென்டில் ஐந்து வருடமாக எச்ஓ அளவில் (1:87) மாடல் ரயில் பாதை அமைத்து வருகிறேன். போன மாதம் முதன்முறையாக எட்டு நண்பர்களை அழைத்து, டைம்டேபிள் போட்டு ஓட்டினோம். ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் பாயிண்ட் ஒன்றில் திரும்பத் திரும்பத் தடம் புரண்டது. இரண்டு முறை மொத்தப் பாதைக்கும் கரண்ட் போனது. ஒற்றைப் பாதையில் இரண்டு சரக்கு ரயில்கள் எதிரெதிரே வந்து நின்றன. பாதியிலேயே முடித்துக்கொண்டோம். இனி யாரையும் கூப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கட்டாயம் கூப்பிடுங்கள். அடுத்த முறை மூன்று பேர் போதும்.

தனியாக ஓட்டும்போது அந்தப் பாயிண்ட் வந்ததும் உங்கள் கை தானாகவே வேகத்தைக் குறைத்திருக்கும். தகராறு செய்யும் பெட்டியை யோசிக்காமலே ஒதுக்கியிருப்பீர்கள். வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் இருந்த குறைகளெல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் பாயிண்ட். பல பெட்டிகள் ஒரே இடத்தில் விழுந்தால் கோளாறு பாதையில். ஒரே பெட்டி பல இடங்களில் விழுந்தால் கோளாறு பெட்டியில். உங்களுடையது முதல் வகை. நகரும் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு முழுதாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ விற்கும் தகட்டு அளவுமானியை வைத்து, தண்டவாள இடைவெளியையும் சக்கர இடைவெளியையும் சோதியுங்கள். பெட்டிகளை இணைக்கும் கப்ளருக்கு அடியில் தொங்கும் கம்பி தாழ்ந்திருந்தாலும் பாயிண்டில் மாட்டும். பெட்டியின் எடையையும் விட்டுவிடாதீர்கள்: அந்தச் சங்கத்தின் பரிந்துரைப்படி 6 அங்குலப் பெட்டி 4 அவுன்ஸ் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பெட்டிகள் பல அதைவிட லேசானவை.

கரண்ட் போனதற்குக் காரணம், தவறாகத் திருப்பியிருந்த பாயிண்டில் யாரோ என்ஜினை விட்டதாக இருக்கலாம். ஒவ்வொரு என்ஜினையும் டிஜிட்டல் முறையில் தனித்தனியாக இயக்கும் டிசிசி முறையில் பாதை முழுவதும் ஒரே இணைப்பில் இருந்தால், ஓரிடத்து ஷார்ட் எல்லா ரயிலையும் நிறுத்திவிடும். பாதையை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட் பிரேக்கர் வையுங்கள். செலவுதான், ஆனாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு ரயில்கள் மோத வந்ததற்கு எந்த ரயில் எப்போது போகலாம் என்று சொல்லும் டிஸ்பாட்சராக இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். புது இடத்தில், எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது யாருக்கும் தடுமாறும். நம் ஊர் ஒற்றைப் பாதைகள் பலவற்றில் முன்பெல்லாம், அந்தப் பகுதிக்குள் போக அனுமதியான டோக்கன் பந்து டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி நகரும். அமெரிக்க வழக்கம் வேறுதான். இருந்தாலும் பழகும்வரை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள பகுதிக்கு டோக்கன்போல ஒரே ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாதவர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. டைம்டேபிளுக்காக நிஜ நேரத்தைவிட வேகமாக ஓடவிடும் வேகக் கடிகாரமும் இப்போதைக்கு வேண்டாம்.

விழுந்த பெட்டியை அங்கேயே பழுது பார்க்க உட்காராதீர்கள். அது எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் அட்டையில் ஒரு சிவப்புச் சீட்டைச் செருகி, என்ன கோளாறு என்று இரண்டு வார்த்தை எழுதி, பெட்டியை சைடிங் என்னும் பக்கத் தடத்தில் ஒதுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

அழைக்கும் மூவரில், அன்று அந்தப் பாயிண்டோடு அதிகம் மல்லாடியவர் கட்டாயம் இருக்கட்டும். எந்தப் பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும்.