புகைக்கூண்டை அடைக்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பழுது பார்க்கிறோம். கேஸ் வந்தபிறகு அடுக்களைக் கூரையில் இருக்கும் புகைக்கூண்டுக்கு வேலையில்லை. சாரலும் ஓணானும்தான் அதன் வழியே வருகின்றன. பட்டாசலில், அதாவது கூடத்தில், மாடக்குழிகள் வேறு. எல்லாவற்றையும் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். அடைக்கலாமா?

பதில்: கூண்டை அடைக்காதீர்கள். விறகு போனதே தவிர, அடுப்புக்கு மேலே சூடேறும் காற்று போக அதுதான் இன்றும் வழி. கேஸ் எரிந்தால் புகை தெரியாது. ஆனால் நீராவி நிறையவே வரும். உலை கொதிக்கும் ஆவியும் தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு சேரும். போக வழியில்லாவிட்டால் அந்த ஈரம் கூரைச் சட்டங்களில்தான் இறங்கும். முன்பு தினமும் புகை ஏறியதால் சட்டங்கள் காய்ந்து கிடந்தன, பூச்சியும் அவ்வளவாக அண்டவில்லை. இப்போது அந்தக் காவல் இல்லாததால் காற்றோட்டம் முன்னைவிட அதிகம் தேவை.

சாரலுக்குக் கூண்டின் மேல் அகலமான தகர மூடி போட்டு, பக்கங்களில் சாய்வுப் பலகை வையுங்கள். ஓணானுக்குக் கம்பிவலை போதும். வலையில் பிசுக்கு அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கூண்டு வழியாகப் போகாது, தரையில் தேங்கும். பழைய அடுக்களைகளில் நிலைப்படி உயரமாக இருக்கும். அது கேஸை உள்ளேயே தேக்கிவிடும். அதனால் புறவாசல் பக்கச் சுவரில், வெளிமண் மட்டத்துக்கு மேலே, தரையை ஒட்டி ஒரு திறப்பு விட்டு அதற்கும் வலை அடியுங்கள். சிலிண்டரை, பாத்திரம் கழுவும் அங்கணக் குழிக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

மாடக்குழிகள் விளக்கு காற்றில் அணையாமல் இருக்க வைத்தவை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பாபநாசத்தில் 1944-இல் நீர்மின் நிலையம் வந்துவிட்டது. மாடக்குழிக்கு அப்போதே பாதி ஓய்வு. கார்த்திகைக்கு அகல் வைக்கவாவது அவை இருக்கட்டும் என்பது என் ஆசை. அடைத்தே தீரவேண்டுமென்றால் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து அடையுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, ஐப்பசி மழை நாலு கண்டதும் பூச்சு உப்பிக்கொண்டு விழும்.

அதனால் கூலி பேசும் முன்பே, சுண்ணாம்பு வேலை செய்து பழக்கம் உண்டா என்று கொத்தனாரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பழக்கம் உள்ள ஆள் கிடைக்கும்வரை சுவரைத் தொடாமல், கூண்டு வேலையை மட்டும் முடியுங்கள்.