லாரி கொஞ்சம்தான் ஓடுகிறது, ரோடு ஏன் தாங்கவில்லை?

கேள்வி: எங்கள் தெருவுக்கும் பக்கத்து மெயின் ரோட்டுக்கும் ஒரே சமயத்தில்தான் தார் போட்டார்கள். நாள் முழுக்க பைக்கும் காரும் ஓடியும் தெரு நன்றாக இருக்கிறது. கிரானைட் லாரி போகிற மெயின் ரோடு மட்டும் குண்டும் குழியுமாகிவிட்டது. லாரிகள் எண்ணிக்கையில் குறைவுதானே ஐயா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், ஒரு ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) எவ்வளவு எடையை ரோட்டில் இறக்குகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டியே சோதித்ததில், எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் 8 டன் ஆக்சில் ஒருமுறை போவதும் அரை டன் கார் ஆக்சில் அறுபத்தைந்தாயிரம் முறை போவதும் ஒன்று, அதனால் உங்கள் தெரு பிழைத்ததில் ஆச்சரியமே இல்லை. நான்கு டயர் ஆக்சிலுக்கு நம் நாட்டில் இருந்த 10.2 டன் வரம்பை 2018-இல் 11.5 ஆக்கினார்கள், கேட்கச் சின்ன உயர்வு, ஆனால் சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஓவர்லோடு அதற்கும் மேலே!

லோடு விரிசலைத்தான் உண்டாக்கும், மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். மழை விட்டதும் சக்கரம் ஓடும் தடத்தைப் பாருங்கள், முதலைத் தோல் மாதிரி வெடித்த இடத்தில் லாரி ஏறும்போது விரிசல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் பீறிடும். அது வெறும் தண்ணீர் இல்லை, அடியில் ஜல்லியைப் பிடித்திருந்த மண் கரைந்து வருகிறது. அப்புறம் குழி விழ ரொம்ப நாள் ஆகாது. குழி விழுந்தால் எல்லா வண்டியும் பிரேக் போட்டு ஒதுங்கும், நல்ல ரோட்டில் சரசரவென்று போன கூட்டம் அங்கே தேங்கி நிற்கும்.

கேள்வி: பஸ் நிற்கிற இடத்தில் மட்டும் ரோடு அமுங்கி, ஓரம் மேடு தட்டுகிறதே?
– வாசகி, தருமபுரி

பதில்: வெயிலில் தார் இளகும். ஓடுகிற பஸ் சட்டென்று கடந்துவிடும், நிற்கிற பஸ்ஸோ அதே இடத்தை அமுக்கிக்கொண்டே இருக்கும், பிரேக் போடும்போது தள்ளவும் செய்யும். அங்கே கான்கிரீட் போடுவதுதான் சரி.

இரண்டு ஊர்க்காரர்களும் மனு கொடுக்கும்போது "புது ரோடு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆவணி, புரட்டாசி மழைக்கு முன்னாலேயே விரிசலைத் தார் ஊற்றி அடைக்கவும், சாக்கடையைத் தூர் வாரவும் கேளுங்கள். குழி விழுந்துவிட்டால் சதுரமாக வெட்டி, ஈர மண்ணை எடுத்து, தார் தடவி, ரோலர் விட்டு இறுக்கச் சொல்லுங்கள். சும்மா ஜல்லிக் கலவையைக் கொட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அதுவும் போய்விடும்.