‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றால் அடுத்து என்ன கேட்பது?

கேள்வி: என் தம்பி தனியாகத் தங்கியிருக்கிறான். உடம்பு சரியில்லாமல் மூன்று வாரமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. போனில் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்கிறான். குரல் அப்படி இல்லை. பேச்சை எப்படி எடுப்பது? தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கேட்டால், நானே கிளறிவிட்டதாக ஆகிவிடுமோ?

பதில்: ‘எப்படிடா இருக்கே?’ என்றால் ‘நல்லா இருக்கேன்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதனால் நீங்கள் கவனித்த ஒன்றில் தொடங்குங்கள். “நேத்து ராத்திரி மூணு மணிக்கு மெசேஜ் போட்டிருந்தியே, தூக்கம் வரலையாடா?” தூக்கம், சாப்பாடு, குளியல் பற்றிக் கேட்டால் பேச்சு எளிதாக வரும்.

கேட்டபின் பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டம். போனில் ஐந்து விநாடி மௌனமே யுகமாகத் தெரியும். பதறிப்போய் “எல்லாம் சரியாயிடும், தைரியமா இரு” என்றால், ‘இதோட நிறுத்திக்கோ’ என்றுதான் அவன் காதில் விழும். “பகல் பூரா படுத்தே கிடக்கேன்” என்கிறானா? “பூராவுமா? எப்பலேர்ந்து?” என்று அவன் வார்த்தையையே பிடித்துக்கொண்டு கேளுங்கள். வீடியோவுக்கு வற்புறுத்த வேண்டாம். முகம் தெரியாதபோது சிலருக்கு மனம் விட்டுப் பேச வரும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுவதைவிட, தினமும் பத்து நிமிடம் பேசுங்கள்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆய்வுகள் சொல்வதும் இதையே. “செத்துடலாம்னு நினைப்பு வருதாடா?” என்று கேளுங்கள். “அப்படியெல்லாம் நினைக்க மாட்டே இல்ல?” என்று கேட்காதீர்கள், ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். ‘ஆமாம்’ என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறானா, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் இணைப்பைத் துண்டிக்காமல், இன்னொரு போனில் அவன் அருகே இருப்பவரையும் அவசர உதவியையும் கூப்பிடுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த எண்ணம் இல்லாவிட்டாலும், சோர்வோ எதிலும் பிடிப்பின்மையோ ஏறக்குறைய தினமும் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் ‘கேட்கவில்லை’ என்று பலர் தாமாக நிறுத்திவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள்.

அவன் அருகில் இருக்கும் ஒருவரின் எண்ணை இன்றே, அவனிடம் சொல்லியே, வாங்கி வையுங்கள்.