இரண்டு கட்சி போதுமா?

கேள்வி: தேர்தல் வந்தால் சுவரெல்லாம் சின்னங்கள். அமெரிக்கா மாதிரி இரண்டே கட்சி இருந்தால் குழப்பமும் இல்லை, கூட்டணி பேரமும் இல்லை. ஜெயிக்காத சின்னக் கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டு வீணடிப்பதை நம் மக்கள் எப்போது நிறுத்துவார்கள்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது திருத்துறைப்பூண்டி. 2011-இல் அங்கே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்தது, அ.தி.மு.க. கூட்டணியில். 2016-இல் பெரிய கட்சிகள் இரண்டையும் விட்டு மக்கள் நலக் கூட்டணிக்குப் போனது, தொகுதி தி.மு.க.வுக்குப் போய்விட்டது. 2021-இல் தி.மு.க. கூட்டணிக்கு வந்து மறுபடி ஜெயித்தது. கீழ்வேளூரில் மார்க்சிஸ்ட் கட்சிக்கும் இந்த மூன்று தேர்தல்களிலும் இதே கதைதான். அங்கிருக்கிற விவசாயத் தொழிலாளி ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கொள்கையை மாற்றிக்கொண்டாரா என்ன?

2016 தேர்தலுக்கு முந்தின வாரம் அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பருத்தி எடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்: “அருவாளுக்கே போட்டுப் பழகின கை தம்பி. இந்தத் தடவை அதுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடும்ங்கறாங்களே, நெசமா?” எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்டதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். ஆனால் அவர் பயந்து கேட்டார். நீங்கள் குற்றம் சொல்லிக் கேட்கிறீர்கள்.

அந்தப் பயம் அமெரிக்காவிலும் உண்டு. 2000-இல் புளோரிடா மாநிலத்தை வெறும் 537 ஓட்டில் பிடித்துத்தான் புஷ் அதிபரானார். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு 97,000 ஓட்டுக்கு மேல் விழுந்தது. புஷ்ஷை ஜெயிக்க வைத்துவிட்டார்கள் என்று, மனசுக்குப் பிடித்தவருக்குப் போட்டவர்கள்மேல் பழி விழுந்ததுதான் மிச்சம்.

பேரத்துக்கு வருவோம். 2006 சட்டமன்றத் தேர்தலில் தனியாக நின்ற தே.மு.தி.க.வுக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு. கிடைத்தது ஒரே ஒரு இடம். தி.மு.க. கூட்டணியில் நின்ற பா.ம.க.வுக்கு ஆறு சதவீதத்துக்கும் குறைவு, 18 இடம். பெரிய கட்சியின் வாசலில் போய் நின்றால்தான் சீட்டு என்றால் பேரம் நடக்காமல் என்ன செய்யும்? ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே தொகுதி முழுசும் என்கிற விதிதான் இதைச் செய்கிறது. தலைமடைக்காரரே மொத்தத் தண்ணீரையும் பாய்ச்சிக்கொண்டால் கடைமடைக்காரர் அவர் வீட்டுத் திண்ணையில்தானே போய் உட்கார வேண்டும்?

கட்சிகள் அதிகமானால் வேலை நடக்காது என்பீர்கள். 1952-இல் சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152-தான், கம்யூனிஸ்ட்டுகளுக்கு 62. யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அதே வருடம்தான் ராஜாஜி அரசு தஞ்சை மாவட்டத்துச் சாகுபடிதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நினைத்தபோது நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு சாகுபடிதாரருக்கு. காங்கிரஸுக்குள்ளேயே மிராசுதார்கள் கை ஓங்கியிருந்த காலம் அது. எதிரே அந்த 62 பேர் உட்கார்ந்திருக்காவிட்டால் அவ்வளவு சீக்கிரம் அது வந்திருக்காது என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர்கள் களத்திலிருந்து என்ன எடுத்துக்கொண்டு போனார்கள் என்று உங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, பல கட்சி முறையில் கோளாறு இல்லையா? இருக்கிறது. இஸ்ரேலில் 2019-க்கும் 2022-க்கும் நடுவே ஐந்து தேர்தல். அப்படிச் சிதறக் கூடாது என்றுதான் ஜெர்மனியில் 5 சதவீதம் வாங்காத கட்சிக்குப் பொதுவாக இடம் கொடுப்பதில்லை.

நியூசிலாந்திலும் முன்பு நம் முறைதான். 1978-லும் 1981-லும் குறைவாக ஓட்டு வாங்கிய கட்சியே ஆட்சியில் உட்கார்ந்தது. 1993-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி முறையை மாற்றினார்கள். 1996 முதல் அங்கே ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. வரம்பைத் தாண்டிய கட்சிக்கு ஓட்டு எத்தனை சதவீதமோ ஏறக்குறைய அத்தனை சதவீதம் இடம். அது இங்கே, அருவாள் கட்சியும் தாண்டக்கூடிய வரம்போடு இருந்திருந்தால் அந்த அம்மா டீக்கடையில் யாரையும் கேட்டிருக்க வேண்டாம். தொகுதிக்கு ஆளைப் பார்த்து ஒன்று போட்டிருப்பார். இன்னொன்றை அருவாளுக்கே போட்டிருப்பார்.