50% வேகத்தில் கிளிப்பின் பின்பாதி காணாமல் போவது (பிரீமியர் புரோ வீடியோ எடிட்டிங் மென்பொருள்)

கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+ஆர் அழுத்தி வரும் பெட்டியில் ‘ரிப்பிள் எடிட், ஷிஃப்டிங் டிரெயிலிங் கிளிப்ஸ்’ (பின்னால் உள்ள கிளிப்களைத் தள்ளி இடம் கொடுப்பது) என்பதை டிக் செய்துவிட்டு வேகத்திற்கு 50 கொடுங்கள். பின்பாதி வந்துவிடும்.

4 விநாடி கிளிப் பாதி வேகத்தில் 8 விநாடி ஆகும். அடுத்த கிளிப் ஒட்டி நிற்பதால் நீள இடமில்லை. முதல் பாதி மட்டும் தெரிகிறது. எதுவும் அழியவில்லை. சந்தேகமிருந்தால் கிளிப்பை மேலே காலி டிராக்கிற்கு நகர்த்தி வால்பக்கத்தை இழுத்துப் பாருங்கள், நீளும்.

பின்னால் உள்ளவை தள்ளிப்போவதால் பாட்டோடு பொருத்தியிருந்த வெட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்த காட்சி 25 ஃபிரேம் டைம்லைனில் பாதி வேகத்தில் திக்கித்தான் ஓடும், ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை வருவதால். இடைப்பட்ட ஃபிரேம்களை மென்பொருளே உருவாக்கும் ‘ஆப்டிகல் ஃப்ளோ’ வசதி இதை ஓரளவு மறைக்கும். ஆனால் கை முகத்தைக் கடக்கும் இடங்களில் படம் நெளியும். 50 ஃபிரேமில் எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.